ரேஷன் கடையில் ரேகை ஏன் விழுவதில்லை? பயோமெட்ரிக் மெஷினுக்குள் நடப்பது

கேள்வி: காசிமேட்டில் மீன் வெட்டும் என் அத்தைக்கு மூன்று மாதமாக ரேஷன் கடையில் ரேகை விழுவதில்லை. அதே விரலை, ஆதார் வைத்துப் பணம் எடுத்துத் தரும் பக்கத்துத் தெருக் கடையில் வைத்தால் விழுகிறது. கண்ணைக் காட்டினால் உடனே ஓகே ஆகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்:

அந்த மெஷின் உங்கள் அத்தை யார் என்று கண்டுபிடிப்பதில்லை. அந்த வேலையே அதற்குக் கிடையாது. ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்ததும் குடும்ப உறுப்பினர்களின் பெயர்கள் திரையில் வரும். கடைக்காரர் அத்தையின் பெயரைத் தொடுவார். அந்தப் பெயரோடு இணைந்த ஆதார் எண்ணும், அந்த நொடியில் எடுத்த ரேகையும் பூட்டிய பொட்டலமாக ஆதார் ஆணையத்தின் சர்வருக்குப் போகும். அங்கே அத்தை ஒருவருடைய பதிவோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும். இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். ‘நான் இன்னார்’ என்று ஒருவர் சொல்கிறார், அது உண்மையா என்பது மட்டும்தான் கேள்வி.

‘இது யாருடைய ரேகை?’ என்று பெயரே தெரியாமல் கேட்டு, கையிலுள்ள எல்லாப் பதிவுகளிலும் தேடுவது அடையாளம் காணல். திருட்டு நடந்த வீட்டின் பீரோவில் எடுத்த ரேகையைப் போலீஸ் தேடுவது இந்த வகை. ஆதாரில் இது நடப்பது புதிதாகப் பதியும்போது. இந்த ஆள் ஏற்கெனவே வேறு எண்ணில் இருக்கிறாரா என்று எல்லோருடைய பதிவோடும் ஒப்பிடுவார்கள். ஒருவரோடு ஒப்பிடுவதும் கோடிப் பேரோடு ஒப்பிடுவதும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் பலரும் குழம்புகிறார்கள். இரண்டிலும் தவறு வேறு விதமாக நடக்கும், அடிபடுகிற ஆளும் வேறு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருக்கும், இல்லையென்றால் தப்பாக இருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. ரேகை அப்படி இல்லை. ஒரே விரலை இரண்டு முறை வைத்தால் இரண்டு படமும் அச்சாக ஒன்றாக இருக்காது. அழுத்தம் மாறும், சாய்வு மாறும், ஈரம் மாறும். அதனால் கம்ப்யூட்டர் ‘எவ்வளவு ஒத்துப்போகிறது’ என்று ஒரு மதிப்பெண்தான் போடும். யாரோ ஒருவர் முன்கூட்டியே ஒரு பாஸ் மார்க் வைத்திருப்பார். அதைத் தாண்டினால் பாஸ். பாஸ் மார்க்கை உயர்த்தினால் அந்நியர் நுழைவது குறையும், ஆனால் உண்மையான ஆள் வெளியே நிற்க வேண்டிவரும். குறைத்தால் நேர் எதிர். இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்கிவிட்டோம் என்று எந்த கம்பெனிக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி அத்தையின் விரலுக்கு வருவோம். ரேஷன் கடை, பணம் எடுக்கும் கடை இரண்டிலிருந்தும் கேள்வி போவது ஒரே ஆணையத்துக்கு. அங்கே இருக்கும் பதிவும் ஒன்றுதான். அப்படியென்றால் வித்தியாசம் அனுப்பிய படத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஒளியில் வேலை செய்யும் கருவிகள். மேலே தெரிவது ஒரு கண்ணாடிப் பட்டகத்தின் முகம். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும். விரலின் வரிமேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் வெளிச்சம் தோலுக்குள் சிதறிப்போய், படத்தில் கறுப்பாகத் தெரியும். இரண்டு மேட்டுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் காற்று இருப்பதால், அங்கே வெளிச்சம் முழுசாகத் திரும்பி வந்து வெள்ளையாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி. கருவி அங்குலத்துக்கு 500 புள்ளி வீதம் படம் எடுப்பதால், ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்துப் புள்ளிதான் கிடைக்கும். எல்லா விவரமும் அந்தப் பத்துப் புள்ளிக்குள் அடங்க வேண்டும்.

இதிலேயே கோளாறும் புரிந்துவிடும். விரல் வறண்டிருந்தால் மேடு கண்ணாடியோடு ஒட்டாது. கோடு கோடாக வர வேண்டியது புள்ளி புள்ளியாக உடைந்து வரும். விரல் ஈரமாக இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நின்று மேடும் பள்ளமும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மீன் வெட்டுகிறவருக்கு இரண்டு கஷ்டமும் உண்டு. வேலை நேரத்தில் ஐஸ் தண்ணியில் ஊறி விரல் நுனி சுருங்கிப் போகிறது. வேலை முடிந்ததும் உப்பு இழுத்துத் தோல் காய்ந்து வெடிக்கிறது. செதிலைக் கல்லில் தேய்த்து எடுக்கும்போது வரிமேடும் சேர்ந்து தேய்கிறது. மீனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கத்திக் கீறல், முள் குத்திய தழும்பு.

அந்தக் கீறல் ஏன் இவ்வளவு பாதிக்கிறது? மெஷின் ரேகையை நாம் பார்ப்பது மாதிரி படமாகப் பார்ப்பதில்லை. படத்தைத் தெளிவாக்கி, ஒவ்வொரு வரியையும் ஒற்றைப் புள்ளி அகலத்துக்கு மெலிதாக்கி, வரி எங்கே சட்டென்று முடிகிறது, எங்கே இரண்டாகக் கவை பிரிகிறது என்று மட்டும் தேடும். இவற்றை நுண்புள்ளிகள் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அது இருக்கும் இடம், வரி போகும் திசைக் கோணம், அது முடிவா கவையா என்ற குறிப்பு. நல்ல படத்தில் இப்படிப் பல பத்துப் புள்ளிகள் கிடைக்கும். இந்தப் பட்டியலுக்கு டெம்ப்ளேட் என்று பெயர். ஒப்பிடும்போது இரண்டு பட்டியலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருப்பி நகர்த்தி, எத்தனை புள்ளி ஒத்துப்போகிறது என்று எண்ணுவார்கள். ஒரு கத்திக் கீறல் பத்து வரிகளைக் குறுக்கே வெட்டினால், மெஷினுக்கு அது இருபது புது ‘முடிவு’களாகத் தெரியும். உண்மையான புள்ளிகள் பொய்ப் புள்ளிகளுக்கு நடுவில் தொலைந்து, மதிப்பெண் இறங்கிவிடும்.

ஆக, ஒரே விரல் அங்கே விழுந்து இங்கே விழாததற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரண விஷயங்கள்தான். ரேஷன் கடைக்கு அத்தை காலை ஏலம் முடிந்து நேராகக் கிளம்பி, ஊறிய கையோடு போகிறார். பணம் எடுக்கும் கடைக்குச் சாயங்காலம் குளித்துவிட்டுப் போகிறார். ரேஷன் கடைக் கண்ணாடியில் அவருக்கு முன்னால் நூறு பேர் கைவைத்த எண்ணெயும் அரிசித் தூசியும் இருக்கும். ஓரத்தில் கீறல் விழுந்திருக்கும். தெருவைப் பார்த்த மேசை என்றால் வெயில் நேராகக் கருவிமேல் அடிக்கும். பணம் எடுக்கும் கடைக்காரருக்கு ரேகை விழுந்தால்தான் கமிஷன். அதனால் அவர் பொறுமையாக ஐந்து விரலையும் வைத்துப் பார்ப்பார். பின்னால் வரிசை கத்துகிற ரேஷன் கடையில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். ரேஷன் வாங்கும் நாளில் வேலைக்கு முன்னால் போவது நல்லது. முடியாவிட்டால் வேலை முடிந்து இரண்டு மணி நேரமாவது கழித்து. சோப்பு போட்டு மீன் பிசுக்கு போகக் கழுவி, துண்டால் நன்றாகத் துடைக்க வேண்டும். முதல் நாள் இரவே விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் வெடிப்பு அடங்கும். காலையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவிவிட வேண்டும். விரல் ரொம்பக் காய்ந்திருந்தால் நெற்றியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு வைக்கலாம், அந்தப் பசை போதும். எலுமிச்சம்பழத்தால் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம். புளிப்பு ஏற்கெனவே நைந்த தோலை இன்னும் அரிக்கும். கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். விரல் நுனியைக் குத்தி வைக்கக் கூடாது. முதல் மடிப்பு வரை படுக்க வைத்து, சுழியின் நடு கண்ணாடியின் நடுவில் விழும்படி மிதமாக அழுத்தி, விளக்கு அணையும் வரை அசையாமல் இருக்க வேண்டும். அழுத்தி நசுக்கினால் மேடுகள் தட்டையாகிப் பள்ளம் மறைந்துவிடும். விழவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைப்பது இன்னொரு தப்பு. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. மீன் வேலையில் குறைவாகத் தேய்வது மோதிர விரலும் சுண்டு விரலும்; அதிலும் கத்தி பிடிக்கும் கையின் விரல்களை முதலில் பாருங்கள். எந்த விரல் விழுந்ததோ அதை ஸ்மார்ட் கார்டு உறையில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த மாதம் நேரே அதற்குப் போகலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் சலவை சோடாவில் கை வைப்பவர்களுக்கும், சிமெண்ட் கலக்குபவர்களுக்கும் இதே கதைதான், தேயும் விரல் மட்டும் மாறும்.

திரையில் எண் வந்தால் அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. மேலே சொன்னது எல்லாம் இதற்குத்தான். 330 என்றால் பயோமெட்ரிக்கை யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எத்தனை விரல் வைத்தாலும் விழாது, திறந்தால்தான் உண்டு. 811 என்றால் அந்த ஆதார் எண்ணுக்கு ஆணையத்திடம் பயோமெட்ரிக் பதிவே இல்லை. ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும். இந்த மூன்றையும் ‘ரேகை விழல, அடுத்த வாரம் வாங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். நெட்வொர்க் இல்லாததையும் சில இடங்களில் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுவதுண்டு.

கண் ஏன் உடனே விழுகிறது என்பது ஆச்சரியமான விஷயம். நம் ஊர்க் கண்களைப் பார்த்தால் கருவிழி ஒரே கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கறுப்புக்குக் காரணமான மெலனின் நிறமி சாதாரண வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் சிவப்புக்கு அப்பால் உள்ள அகச்சிவப்புக் கதிரை, அதாவது 700 முதல் 900 நானோமீட்டர் வரை உள்ளதை, அது அவ்வளவாக விழுங்குவதில்லை. அந்தக் கதிரில் படம் எடுத்தால் நம் கறுப்பு விழிக்குள்ளும் இழை, குழி, வளையம் எல்லாம் பளிச்சென்று தெரியும். கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் டாக்மன் 1990களில் அமைத்த கணக்கில், இந்தப் பின்னலை 2048 இடங்களில் பூஜ்யம் அல்லது ஒன்று என்று எழுதிவிடுவார்கள். வேறு வேறு இரண்டு கண்களை ஒப்பிட்டால், பூவா தலையா போட்ட மாதிரி ஏறக்குறைய பாதி இடங்களில் மாறியிருக்கும். ஒரே கண் என்றால் கொஞ்ச இடங்களில்தான் மாறும். மாறியது மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஒரே கண் என்று முடிவு செய்துவிடலாம். இரட்டைப் பிள்ளைகளுக்கும் இது வேறு. ஒரே ஆளின் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும்கூட வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவிழி வெளியே தேய்கிற பொருள் இல்லை. ஐஸும் உப்பும் கத்தியும் அதைத் தொடுவதில்லை.

அதற்கும் தொல்லை இல்லாமல் இல்லை. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு என்பதால், தெருவைப் பார்த்து நின்றால் கருவியின் சொந்த வெளிச்சம் அதில் மூழ்கிவிடும். நிழலுக்குத் திரும்பி நின்று காட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்; தொங்கும் இமையை விரலால் லேசாகத் தூக்கிக்கொள்ளலாம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் கண் பாப்பாவின் (கருவிழி நடுவில் உள்ள துளையின்) வடிவம் மாறிப் பழைய பதிவோடு ஒட்டாமல் போகும். அப்போது புதுப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் பயோமெட்ரிக் வந்தபோது ரேகைதான் இருந்தது, கண் கருவி பிறகுதான் சேர்ந்தது. அதனால் கடைக்காரர் கை முதலில் ரேகைக் கருவியைத்தான் நீட்டும். உங்கள் அத்தை விஷயத்தில் ரேகையில் நேரத்தை வீணடிக்காமல் ‘கண்ணுல பாத்துடுங்கண்ணே’ என்று முதலிலேயே கேட்பது மேல்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமரா படத்தில் கண், மூக்கு, வாய் ஓரங்களைக் கண்டுபிடித்து முகத்தை நேராக்கி, அதைச் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றுவார்கள். இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் மதிப்பெண். ஓய்வூதியம் வாங்குபவர்கள் உயிர்வாழ்வுச் சான்றை 2021 முதல் வீட்டிலிருந்தே போனில் முகம் காட்டிக் கொடுக்க முடிகிறது. போட்டோவைக் காட்டி ஏமாற்றாமல் இருக்கக் கண் சிமிட்டச் சொல்லும். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தால் விழாது, ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். ஐபோன் கதை வேறு. அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி மேடு பள்ளத்தை அளக்கிறது, ஒப்பிடுவதும் போனுக்குள்ளேயே முடிந்துவிடும்.

சரிபார்ப்பில் தவறினால் அத்தை மாதிரி உண்மையான ஆள் வெளியே நிற்கிறார். அடையாளம் காணலில் தவறினால் சம்பந்தமே இல்லாத ஒருவர் மாட்டுகிறார். கணக்குப் போட்டால் தெரியும். தீபாவளி சமயத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைத்தெருவில் ஒரு நாளில் 1 லட்சம் பேர் கேமராவைக் கடக்கிறார்கள், தேடப்படுவோர் பட்டியலில் 500 முகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 கோடி ஒப்பீடு. பத்து லட்சத்தில் ஒரு ஒப்பீடுதான் தப்பும் என்றாலும், அன்றைக்கு 50 தப்பான அலாரம் அடிக்கும். உண்மையான திருடன் அன்று கடைத்தெருப் பக்கமே வராமல்கூட இருக்கலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட சோதனையில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் தப்பாகப் பொருத்துவது அதிகம் என்று தெரிந்தது. ஆகவே அலாரம் அடித்தால் ‘பாருங்கள்’ என்றுதான் அர்த்தம், ‘பிடியுங்கள்’ என்று அர்த்தமில்லை.

மணலி, எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வைக்கும் வருகைப் பதிவு மெஷினிலும் இதே கணக்குதான். 800 பேர், ஆளுக்கு இரண்டு விரல், 1600 டெம்ப்ளேட். விரலை மட்டும் வை என்றால் மெஷின் 1600லும் தேடும். முதலில் பாஸ் ஆன பெயரிலேயே நின்றுவிடும் மலிவான மெஷின் என்றால், முருகனுடைய வருகை முனுசாமி பெயரில் ஏறும், மாதக் கடைசியில் சம்பளத்தில் தகராறு வரும். முதலில் பணியாளர் எண்ணை அழுத்தி, பிறகு விரலை வைக்கிற மாதிரி மாற்றிவிட்டால் இரண்டே டெம்ப்ளேட்டோடு வேலை முடியும். பெரும்பாலான மெஷின்களில் இதற்கு ஒரு செட்டிங் இருக்கும், யாரும் தொடுவதில்லை. முழு ரேகைப் படத்தைச் சேமிக்காமல் டெம்ப்ளேட்டை மட்டும் சேமிக்கிறார்களா என்றும் கேட்டுவிடுவது நல்லது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது.

திருட்டு என்றதும் பணம் எடுக்கும் கடையைப் பற்றி ஒன்று. பத்திரப் பதிவு இணையதளங்களில் கிடந்த ஆவணங்களிலிருந்து ரேகையை எடுத்து, ரப்பர் மாதிரியான பொருளில் வார்த்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் வெளிமாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. 2023இல் ஆணையம் நுண்புள்ளிகளோடு ரேகைப் படத்தையும் சேர்த்துப் பார்த்து, உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் அந்த வகையில் பணம் எடுக்காதவர்கள் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் விரல், கண், முகம் மூன்றும் பூட்டப்படும், ரேஷன் கடையில் அந்த 330 வரும். எனவே மாதா மாதம் ரேஷனுக்குக் கைவைக்கிற அத்தைக்கு இதை நான் சொல்லமாட்டேன், போன் கையாளத் தெரிந்த உங்களுக்குச் சொல்வேன்.

எதுவுமே விழவில்லை என்றால்? ரேகை தவறினால் கண் அல்லது ஓ.டி.பி., அதுவும் முடியாவிட்டால் ஆதார் அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ரேகை விழாதது பொருள் மறுக்கக் காரணம் ஆகாது. ரேஷன் கார்டில் உள்ள வேறு உறுப்பினர் போய்க் கைவைத்தாலும் போதும். ஆதாரில் உள்ள மொபைல் எண் இப்போது உங்கள் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்களுக்கு ஓ.டி.பி. வழியும் அடைபட்டிருக்கும்.

நிரந்தர வழி ஆதார் மையத்தில் பயோமெட்ரிக்கைப் புதுப்பிப்பது. அதில் நேரம் முக்கியம். கை நைந்திருக்கும்போது போய்ப் புதுப்பித்தால் நைந்த ரேகையே புதிய மூலப்பதிவாகிவிடும், பழையதைவிட மோசம். மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும். ஆழமான தழும்பு இல்லையென்றால் தேய்ந்த வரிகள் அதே வடிவத்தில் மேலே வந்துவிடும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாமல் துறைமுகத்தில் வேலை குறையும் அந்த 61 நாளில், மே மாதக் கடைசியில், அத்தையின் கை ஐஸில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கும். அந்த வாரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து விரலையும் கண்ணையும் எடுக்கும்போது ஆபரேட்டர் திரையில் தரம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த விரலைத் துடைத்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதிலுள்ள எண்ணை வைத்துத்தான் புதுப்பிப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க முடியும்.